கை நனைக்காத சௌந்திரம்

பின் சீட்டின் நட்டநடுவில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சௌந்திரம் கண்களை மூடுகிறார். "ம், எடுங்க சாமி" என்கிறார். வண்டிக்காரர் சாவியைத் திருகுகிறார். வாங்க வந்தவர் முன் சீட்டில் இருந்துகொண்டு, பெல்ட் போடவும் மறந்து, பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். வண்டி கடைத்தெருவைத் தாண்டி, வேகத்தடைகளில் குலுங்கி, காவிரிப் பாலம் வரை போய்த் திரும்பி வந்து நிற்கிறது. அதுவரை அந்த அம்மாளின் கண்ணும் திறப்பதில்லை, வாயும் திறப்பதில்லை. தூங்கிவிட்டாரோ என்று புதிதாக வந்தவர்கள் பயப்படுவார்கள். "கண்ணத் தொறந்திருந்தா ரோட்டத்தானுங்க பாப்போம். வண்டியக் கேக்கோணும்னா கண்ண மூடோணும்" என்பது அவர் கட்சி.

இத்தனைக்கும் சௌந்திரத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது. கிளட்ச் என்பதை 'அந்த எடது கால் சமாச்சாரம்' என்றுதான் சொல்வார். ஆனாலும் பள்ளிபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், கையில் இருக்கிற கொஞ்சப் பணத்துக்குள் ஒரு பழைய கார் வாங்க ஆசைப்படுகிற குடும்பம் எதுவும் அவரை ஒரு எட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. அவருடைய வீட்டுக்காரர் கருப்பண்ணன் விசைத்தறி வைத்திருக்கிறார். தறிச் சத்தத்தில் மனைவி பேசுவது பாதிதான் காதில் விழும் என்பதால் குடும்பம் சண்டை சச்சரவில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

சௌந்திரத்தின் அசல் தொழில் கல்யாணப் பொருத்தம் சேர்ப்பது. மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. போன உடனே மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார். பக்கத்து வீட்டில் போய்த் தறி எப்படி ஓடுகிறது, மாடு எப்படிக் கறக்கிறது என்று ஆரம்பித்து, தேய்ப்புக்கடையில் நின்று, டீக்கடையில் நின்று, கடைசியாகத்தான் வாசற்படி ஏறுவார். அதற்குள் பையன் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறான் என்பது வரைக்கும் தெரிந்திருக்கும். இப்போது பெண் கிடைப்பதே குதிரைக் கொம்பாகிவிட்டதால் அந்தத் தொழில் கொஞ்சம் மந்தம். சௌந்திரத்துக்கு அதில் பெரிய வருத்தமில்லை. "பொண்ணு இருக்கற ஊட்டுல கதவே தொறக்கறதில்லீங்க. வண்டி இருக்கற ஊட்டுல வாசல்லயே நிக்கறாங்க" என்று சிரிப்பார்.

கார் விவகாரம் தற்செயலாகத்தான் ஆரம்பித்தது. அண்ணன் மகன் தர்ஷன் திருச்செங்கோட்டில் ஒரு வண்டி பார்க்கப் போனபோது, கோயிலுக்குப் போகலாம் என்று இவரும் தொற்றிக்கொண்டார். தர்ஷன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, டயரை உதைத்து, பானட்டைத் திறந்து, படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். சௌந்திரம் சும்மா இருக்க முடியாமல் எதிர்வீட்டுப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தார். திரும்பி வந்து மருமகனின் காதில், "வேண்டாங்கண்ணு. காத்தால காத்தால இந்த வண்டியத் தள்ளித்தான் விடறாங்களாம். தள்ளற பாவத்துக்கு எதுத்த ஊட்டுப் பையன் பள்ளிக்கூடத்துக்கே லேட்டாப் போறானாம்" என்றார். அன்றோடு அவர் பெயர் பரவிவிட்டது.

மாப்பிள்ளைக்குக் கேட்கிற கேள்விகளை அப்படியே வண்டிக்கும் கேட்பார். எத்தனை கை மாறியது, கடன் பாக்கி உண்டா, அடிபட்டதா, அடிபட்டிருந்தால் எங்கே வைத்தியம் பார்த்தது, குடிக்குமா? ஆயில் குடிக்கிறதா, பெட்ரோல் குடிக்கிறதா என்று விளக்கிச் சொல்ல வேண்டியது வண்டிக்காரர் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி வைத்திருக்கிறார்: "இதுக்கு முன்னால யாராச்சும் பாத்துப் பேசி, முடிவாகி, அப்பறம் நின்னு போச்சுங்களா?" முன்பு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பின்வாங்கிய ஆள் ஒருவர் இருந்தால், அவரைத் தேடிப் போய் ஏன் நின்றது என்று கேட்காமல் விட மாட்டார். எஞ்சின், கியர்பாக்ஸ் வகையறாக்களைப் பார்க்க நவநீதகிருஷ்ணன் என்ற மெக்கானிக் கூட வருவார். "ஒடம்பு பாக்கறதுக்கு அவரு. கொணம் பாக்கறதுக்கு நானு" என்று வேலையைப் பங்கு போட்டிருக்கிறார்.

மாப்பிள்ளை பார்ப்பதிலிருந்து அவர் கொண்டுவந்த இன்னொரு வழக்கமும் உண்டு. சம்பந்தம் முடிவாகாமல் அந்த வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை அல்லவா? சௌந்திரமும் வண்டி முடிவாகாமல் வண்டிக்காரர் வீட்டில் கை நனைக்க மாட்டார். பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. சித்திரை வெயிலில் போனாலும் கைப்பைக்குள் சொந்தத் தண்ணீர் பாட்டில் இருக்கும். "ஒரு வாய்க் காப்பி குடிச்சுப்போட்டு, அவங்க மூஞ்சியப் பாத்து வண்டி நல்லால்லைன்னு எப்பிடிங்க சொல்றது? எனக்கு நாக்கு எந்திரிக்காதுங்க" என்பார். இது ஊரறிந்த சேதி. சௌந்திரம் டம்ளரைக் கையில் வாங்கினார் என்றால் வண்டி விலைபோயிற்று என்று பொருள். பழைய கார் விற்கிற கன்சல்டிங் கடைக்காரர்கள் இந்த விரதத்தைக் கலைக்கப் படாத பாடு பட்டிருக்கிறார்கள். ஒருவர் நன்னாரி சர்பத்தில் ஐஸ் மிதக்க விட்டுப் பக்கத்திலேயே நின்றார். இன்னொருவர் இளநீரைச் சீவி ஸ்ட்ராவும் போட்டு நீட்டினார். சௌந்திரம் இரண்டு பேரையும் பார்த்து அன்பாகச் சிரித்துவிட்டுத் தன் பாட்டிலைத் திறந்தார்.

இப்படி ஊருக்கெல்லாம் வண்டி பார்த்துக் கொடுத்தவருக்கு, சொந்த மகளுக்கு என்று வந்தபோது கை கால் ஓடவில்லை.

மகள் தனப்பிரியா சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறாள். பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து படுத்தவர்கள், விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர்கள் வீடுகளுக்கு ஸ்கூட்டரில் போய்ப் பயிற்சி கொடுப்பாள். அவள் கணவனுக்குப் பெங்களூரில் வேலை, சனி ஞாயிறுதான் வீட்டுக்கு வருவான். தனப்பிரியா முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதி வந்தபோது சௌந்திரம் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். ஐந்தாம் மாதத்தில் டாக்டர் ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டார். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடு என்று கருப்பண்ணன் சொன்னதற்கு, "நான் போகலைன்னா அவங்க நடக்கறதும் நின்னு போயிரும்ப்பா. இப்பத்தான் ஒருத்தரு தனியா பாத்ரூம் வரைக்கும் போறாரு" என்றாள் மகள். ஆகவே ஒரு கார் வேண்டும். இரண்டு லட்சத்துக்குள் வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் தனியாக ஓட்டிப் போகிற வண்டி என்பதால், நடுவழியில் நின்று மானத்தை வாங்காததாக வேண்டும்.

இதில்தான் சௌந்திரத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பார்க்கிற வண்டியெல்லாம் நொட்டை. ஒன்றில் ஹாரன் சத்தம் அழுகிறது. ஒன்றில் சீட் உறை புதிது, எதையோ மறைக்கத்தான் போட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் வண்டி பழுதில்லை, ஆனால் அந்த வீட்டு நாய் இவரைப் பார்த்துக் குரைத்த விதம் சரியில்லை. "நல்ல வண்டிங்கக்கா, எடுத்துக்கலாம்" என்று நவநீதகிருஷ்ணன் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். தனப்பிரியாவோ, "நீ வண்டி எடுத்துக் குடுக்கறதுக்குள்ள எம்பட புள்ளையே லைசென்ஸ் எடுத்துரும் போல" என்றாள். சௌந்திரம் சிரித்தார். ஆனால் இரவில் தூக்கம் வரவில்லை.

பரமத்தி பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் வெள்ளி நிறத்தில் சின்னக் கார் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. சென்னிமலை, ராமாயி என்ற வயதான தம்பதி. மகன் புது வண்டி எடுத்துக் கொடுத்துவிட்டதால் பழசை விற்கிறார்கள். மகளையும் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு சௌந்திரம் போய் இறங்கினார். வண்டி வேப்பமர நிழலில் நேற்று வாங்கியது போல நின்றது. நவநீதகிருஷ்ணன் குனிந்து, நிமிர்ந்து, ஓட்டிப் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் தெரியவில்லை என்றார். பின் சீட்டில் கண்ணை மூடிப் போய் வந்த சௌந்திரத்துக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. சரி, வழக்கம்போல அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம் என்று பார்த்தால், அக்கம்பக்கமே இல்லை. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வீடும் அவரவர் காட்டுக்கு நடுவில் தனியாக நிற்கும். அடுத்த வீடு மரவள்ளிக் காட்டைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி இருந்தது. சௌந்திரம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தார். அங்கே இருந்த பெண்மணி, "நெம்ப நல்ல சனங்க" என்றதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அத்தனை தூரத்திலிருந்து அவருக்கும் வேறென்ன தெரியும்?

வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே தனப்பிரியா தட்டத்தின் முன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுடச்சுட அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய். பக்கத்தில் கரண்டியோடு ராமாயி.

"அம்மிணி" என்றார் சௌந்திரம்.

"வாசம் வந்துதும்மா" என்றாள் மகள், வாயில் சோற்றோடு. "தாங்க முடியலை."

வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணின் தட்டத்தைப் பிடுங்க முடியுமா? முடியாது. கை நனைத்தாயிற்று. யாருக்காக வண்டி பார்க்கிறாரோ, அவளே நனைத்துவிட்டாள். இனி இந்த வண்டியில் ஓட்டை உடைசல் எது இருந்தாலும் வாயைத் திறக்க முடியாது, வேண்டாம் என்று எழுந்து போகவும் முடியாது. இத்தனை வருஷம் காத்த முறை பெற்ற மகள் கையாலேயே போயிற்றே! சௌந்திரம் படியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

ராமாயி இன்னொரு கரண்டி போட்டார். தனப்பிரியா போதும் என்று சொல்லவில்லை. அவள் சாப்பிடுவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த ராமாயி, கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு வாசல் பக்கம் இருந்த கணவரிடம் திரும்பினார்.

"ஏனுங்க, புள்ள நம்மூட்டுல கை நனைச்சிருச்சு. இன்னமே மறைக்கறது நாயமில்லீங்க. சொல்லிப்போடுங்க."

கட்டிலில் உட்கார்ந்திருந்த சென்னிமலை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

"பொய் ஒண்ணுஞ் சொல்லலீங்க" என்று ஆரம்பித்தார். "நீங்க கேட்டதுக்கெல்லாம் உள்ளதத்தான் சொன்னனுங்க. ஒண்ண மட்டும் நீங்களும் கேக்கல, நானுஞ் சொல்லல. வெயில்ல தூரமா ஓட்டீட்டுப் போயி நிறுத்துனம்னா, மறுக்கா ஸ்டார்ட் ஆகாதுங்க. ஆறுனாத்தான் ஆகும். எங்களுக்கு அது தொந்தரவில்லீங்க, சந்தைக்குப் போனா சாவகாசமாத்தான் வருவோம். இந்தப் புள்ளைக்கு அப்பிடியில்லையே. ஒவ்வொரு ஊட்டு முன்னாலயும் நிறுத்தி நிறுத்தி எடுக்கோணும். நடு ரோட்டுல, இந்த வயித்தோட..."

"இந்த வண்டி உனக்கு வேண்டாஞ் சாமி" என்று ராமாயி தனப்பிரியாவிடமே சொல்லிவிட்டார். "நீ சாப்புடு."

சௌந்திரம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கை நனைத்தால் வாங்குகிறவன் வாய்தான் கட்டிப்போகும் என்று நினைத்தல்லவா இத்தனை வீடுகளில் நாக்கு வறண்டு கிடந்தார்! சோறு போட்டவன் வாய் திறந்துகொள்ளும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வேண்டாம் என்று சொன்ன எத்தனையோ வாசல்களில், கொண்டு வந்த டம்ளரோடு முகம் வாடி உள்ளே திரும்பிப் போன பெண்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நவநீதகிருஷ்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவருக்கும் பசித்தது. எல்லோருமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

கிளம்பும்போது சென்னிமலை ஒரு வழியும் சொல்லி அனுப்பினார். வயசுக் காலத்தில் அவரோடு ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போர்வெல் போடப் போன கூட்டாளி லாசர், அஸ்தம்பட்டியில் இருக்கிறார். பார்வை மங்குகிறது என்று காரைக் கொடுத்துவிட நினைக்கிறார். "நம்ம தோதுக்குத்தான் வெலை கேப்பானுங்க. நான் போன் பண்ணிப்போடறேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து லாசர் வீடு திரும்பிய நேரத்துக்குச் சௌந்திரம் மகளோடும் மெக்கானிக்கோடும் போய்ச் சேர்ந்தார். காம்பவுண்டுக்குள் சிவப்பு நிறத்தில் கார் நின்றது. லாசர் நாற்காலி போட்டார். அவர் மனைவி செல்வமேரி கதவோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வந்தவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் நிற்கிறோமே என்ற தவிப்பு முகத்தில் தெரிந்தது. சென்னிமலை போனில், அந்த அம்மா யார் வீட்டிலும் கை நனைக்காது, நீட்டிச் சங்கடப்படுத்தாதே என்று பழைய சேதியையும் சேர்த்துச் சொல்லியிருந்தார் போல.

சௌந்திரம் நாற்காலியில் உட்கார்ந்தார். காரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, குடிக்கத் தண்ணி குடுங்க சாமி" என்றார்.

செல்வமேரியின் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே ஓடி எவர்சில்வர் டம்ளர் நிறையப் பானைத் தண்ணீரோடு வந்தார். லாசருக்குத்தான் குழப்பம். "வண்டியே இன்னும் பார்க்கலியேம்மா" என்றார்.

"பாக்கலாமுங்க." சௌந்திரம் அண்ணாந்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காலி டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, லாசரின் முகத்தையே பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சும்மா பார்த்தார்.

லாசர் மனைவியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார். "எஞ்சின் நல்லாருக்கும்மா. நிக்காது. அதுக்கு நான் கேரண்டி. ஆனா பின்னாடி இடது பக்கக் கதவு உள்ள இருந்து திறக்க வராது. வெளிய இருந்துதான் திறக்கணும். ரெண்டு வாட்டி சரி பண்ணியும் திரும்ப அப்படியே ஆயிடுது."

சௌந்திரம் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏசி போட்டா கொஞ்ச நேரம் வெத்தலை வாசம் வரும்" என்றார் லாசர். "அது இவ வேலை."

"அதையும் சொல்லணுமாக்கும்" என்றார் செல்வமேரி.

நவநீதகிருஷ்ணன் தன் பங்குக்குக் காரின் அடிவயிறு வரை பார்த்து முடித்தார். தனப்பிரியா ஓட்ட, சௌந்திரம் பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஏற்காடு ரோட்டில் மலையடிவாரம் வரை போய், உச்சி வெயிலில் நிறுத்தி நிறுத்தி எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் வண்டி சொன்ன பேச்சு கேட்டது. திரும்பி வரும் வழியில், மகள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டுவதைக் கேட்டபோது, பல நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பயம் எங்கே இறங்கியது என்றே அவருக்குத் தெரியவில்லை.

லாசர் வீட்டு வாசலில் வண்டி நின்றது, மகள் இறங்கினாள். சௌந்திரம் நினைப்பில்லாமல் இடது பக்கம் நகர்ந்து கதவைத் திறக்கப் பார்த்தார். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார், வரவில்லை. வெளியே எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. கண்ணாடி வழியாக, மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. "நாளைக்குப் பொறக்கற புள்ள வெச்ச எடத்துல இருக்கறதுக்கு இதுவே தோதுதான்" என்று உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னார் சௌந்திரம்.

லாசர் ஓடி வந்து வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட்டார். சௌந்திரம் இறங்கினார். செல்வமேரி கொடுத்த டம்ளர் இன்னும் அவர் கையிலேயே இருந்தது. ஏற்காடு ரோடு முழுக்க அதைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே போய் வந்திருக்கிறார். அதைச் செல்வமேரியிடம் மறுபடியும் நீட்டினார்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க சாமி."